ஜப்பானில் 5 லட்சம் யென்னுக்கு வீடு: வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கோவையில் மென்பொருள் வேலையில் இருப்பவர், வயது 38. ஜப்பான் கிராமங்களில் 5 லட்சம் யென்னுக்கும் 10 லட்சம் யென்னுக்கும் பழைய வீடுகள் விற்பதாக வரிசையாகக் காணொளிகள் பார்த்திருக்கிறார். ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, வருடத்தில் இரண்டு மாதம் போய்த் தங்கி, மற்ற நாள்களில் வாடகைக்கு விடலாமா, வெளிநாட்டவருக்குச் சட்டம் இடம் கொடுக்குமா, எல்லாம் முடியும்போது கையிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று கேட்கிறார்.

சட்டம் இடம் கொடுக்கும். ஜப்பானில் வீடும் மனையும் வாங்கக் குடியுரிமை வேண்டாம், அங்கே வசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எவ்வளவு ஆகும் என்பதற்கு ஊர்க்கணக்கு சொல்வதைவிட என் கணக்கையே சொல்லிவிடுகிறேன். 2021-ல், டோக்கியோவை அடுத்த சிபா மாகாணத்தின் தெற்கே, போசோ தீபகற்பத்தில் ஒரு பழைய மரவீடு வாங்கினேன். விலை 32 லட்சம் யென். அதைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர, மானியமெல்லாம் கழித்து, 84 லட்சம் யென் ஆயிற்று. ஒரு யென்னை அறுபது காசு என்று வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நான் கட்டடப் பொறியாளன். டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஜப்பானிய மொழி படிக்கவும் பேசவும் தெரியும். நாகர்கோவில் பக்கம் ஓட்டு வீட்டில் வளர்ந்தவன் என்பதால் மரமும் ஓடும் எனக்குப் புதிதல்ல. இத்தனையும் இருந்து, பழுதுபார்ப்புக்கு நான் போட்ட மதிப்பீடு 45 லட்சம் யென். மீதியெல்லாம் தரைக்கு அடியிலும் ஓட்டுக்கு அடியிலும் இருந்தது.

முதலில், அந்த விலை ஏன் அப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2023-ல் எடுத்த அரசுக் கணக்கின்படி ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். அதில் 38.5 லட்சம் வீடுகள் வாடகைக்கும் இல்லை, விற்பனைக்கும் இல்லை, விடுமுறைக்கு வந்து தங்கும் வீடுகளும் இல்லை. சும்மா பூட்டிக் கிடப்பவை. காலி வீட்டுக்கு இங்கே அகியா என்று பெயர். பெற்றோர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், பிள்ளைகள் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இருப்பார்கள். வரிக்கணக்கில் மரவீட்டுக்கு ஆயுள் 22 வருடம்தான். சந்தையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது: இருபது இருபத்தைந்து வருடம் தாண்டிய வீட்டுக்கு மதிப்புப் போடுவதில்லை, மனைக்கு மட்டும் போடுகிறார்கள்.

சரி, அப்படியென்றால் இடித்துவிட்டு மனையை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வீடு நிற்கும் மனைக்கு, 200 சதுர மீட்டர் வரை, சொத்துவரி போடும் மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறையும். இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். இடிக்கவும் காசு வேண்டும். சாதாரண அளவு மரவீட்டுக்கே 15 லட்சம் யென் தாண்டிவிடலாம். அதனால் தலைமுறை தலைமுறையாக அப்படியே விட்டுவைத்தார்கள். 2023 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, பராமரிக்காத காலி வீட்டுக்கும் உள்ளாட்சி எச்சரித்த பிறகு அந்தச் சலுகையைப் பறிக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து வாரிசு உரிமையை மூன்று வருடத்துக்குள் பதிவு செய்வதும் கட்டாயம். தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். அதனால் இப்போது வாரிசுகளுக்கு அவசரம். காணொளியில் நீங்கள் பார்ப்பது அந்த அவசரத்தின் விலை. சும்மா தருகிறேன் என்று ஒருவர் சொல்லும் வீட்டின் உண்மையான விலை பூஜ்யம் அல்ல, பூஜ்யத்துக்குக் கீழே 15 லட்சம் என்றே நான் கணக்குப் போடுவேன்.

தரகர்கள் ஏன் இந்த வீடுகளைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 20 லட்சம் யென் வரையான வீட்டுக்குத் தரகு 5 சதவீதம்தான். 10 லட்சம் யென் வீட்டுக்கு 50,000 யென். இரண்டு முறை காரில் கூட்டிப்போய்க் காட்டினாலே பாதி கரைந்துவிடும். 2024 ஜூலையில் விதியை மாற்றினார்கள்: 80 லட்சம் யென் வரையுள்ள வீட்டுக்கு, வரியோடு 3,30,000 யென் வரை வாங்கலாம். 5 லட்சம் யென் வீட்டுக்கு 3.3 லட்சம் தரகா என்று வயிறெரியாதீர்கள். அந்தக் காசு இருப்பதால்தான் ஒருவர் ஆவணங்களைத் தோண்டிப் பார்ப்பார். கிராம உள்ளாட்சிகள் நடத்தும் அகியா பாங்க் என்ற பட்டியல்களில் தரகர் இல்லாமலும் வாங்கலாம். உங்கள் நிலையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இனி என் வீடு. ஷோவா 49-ல் கட்டியது. விளம்பரங்களில் ஆண்டு இப்படி, பேரரசர் ஆட்சிக்கணக்கில்தான் இருக்கும். ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், ஆக 1974. வீடு 31 த்சுபோ, மனை 120 த்சுபோ. ஒரு த்சுபோ 3.3 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 1,100 சதுர அடி வீடு, பத்து சென்ட்டுக்குச் சற்றுக் குறைந்த மனை. முன்னால் நீளமாக ஒரு மரத்திண்ணை, அதை எங்காவா என்பார்கள். அதில் உட்கார்ந்தால் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்காகத்தான் நான் ஏமாந்தேன்.

பார்க்கப் போன அன்று வெயில். தாத்தாமி பாய்கள் காய்ந்து கிடந்தன, தூண்கள் நேராக நின்றன, நானும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். வாங்கிய பிறகு கூட்டிக்கொண்டு போன உள்ளூர்த் தச்சர், எழுபது வயதுக்காரர், சுவரைப் பார்க்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே தரையில் ஊறுகாய் ஜாடி வைக்கிற பெட்டி ஒன்று பதித்திருக்கும். அதைத் தூக்கி வெளியே வைத்தார். கீழே நாற்பது ஐம்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு இருட்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் சுத்தியல் பிடியால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டொக், டொக், டொக், பிறகு ஒரு இடத்தில் பொத்தென்று ஒரு சத்தம். "நீங்களும் வாங்க" என்றார்.

போனேன். ஈரமண் வாசனை. குளியலறைப் பக்கத்துக் குட்டைத் தூண்களில் விரல் தடிமனுக்குக் கறையானின் மண்குழாய் ஏறியிருந்தது. நாகர்கோவிலில் அதைப் பார்த்தால் பாட்டி மண்ணெண்ணெய் டப்பாவை எடுப்பாள். சுவரின் எடை முழுவதும் உட்கார்ந்திருக்கும் அடிச்சட்டத்தில் அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். புட்டுக்குள் போவதுபோல் கைப்பிடி வரைக்கும் போயிற்று. வெளிப்பக்கம் வர்ணம் பூசி அப்படியே இருந்தது, உள்ளே மரமே இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வீடு பார்க்கப் போகும் யாரும் கேட்டுச் செய்யலாம், விற்பவர் மறுப்பதில்லை. மறுத்தால் அதுவே பதில்.

இங்கே பரவலாக உள்ள கறையான் ஏப்ரல், மே மாதங்களில், மழை விட்ட மறுநாள் உச்சிவெயிலில் ஈசலாகப் பறக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் "மே மாதம் இங்கே ஈசல் வருமா?" என்று கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். மருந்து அடித்தால் ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் தருவார்கள், அதன் பிறகு மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு மருந்தும் அடிச்சட்டம் மாற்றியதுமாக 11 லட்சம் யென்.

கூரைக்கு வேறு கதை. 2019 செப்டம்பர் 9 அதிகாலையில் அந்த ஆண்டின் 15-ஆம் எண் புயல் சிபாவில் கரையேறியது. சிபா நகரில் நொடிக்கு 57.5 மீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போயிற்று. தென் போசோவில் ஓடு பறந்த வீடுகள் மாதக்கணக்கில் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றன, ஓடு வேய ஆள் கிடைக்கவில்லை. என் வீட்டில் உச்சி ஓடுகளை யாரோ அவசரத்தில் சிலிகோன் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒட்டிய இடத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே இறங்கி, கைமரம் இரண்டு, அதாவது எங்கள் ஊர்ப்பேச்சில் கழுக்கோல், கறுத்துப் போயிருந்தது. அலமாரியின் மேல்பலகையைத் தள்ளினால் பரணுக்குப் போகலாம்; தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

கறையானும் ஒழுக்கும் காசோடு போகும். நிலநடுக்கம் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு வயதைப் பார்க்கும்போது இரண்டு தேதிகள் முக்கியம். 1981 ஜூன் 1-ல் நிலநடுக்க விதிகள் கடுமையாயின. வீடு கட்டி முடித்த தேதி அல்ல, கட்ட அனுமதி பெற்ற தேதிதான் கணக்கு. 2000-ல் மரவீடுகளுக்கு இன்னும் ஒரு திருத்தம்: தூணும் சட்டமும் சேருமிடத்தில் எந்த உலோகப் பிணைப்பு, சுவர்களை எப்படிப் பரப்பி வைப்பது என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாயின. இந்தத் தேதிகளுக்கு என்ன மதிப்பு என்பதை 2016 ஏப்ரலில் குமமோத்தோவில் வந்த நிலநடுக்கம் காட்டியது. அங்கே மாஷிகி ஊரின் மையப்பகுதியில் மரவீடுகளைக் கணக்கெடுத்தபோது, 1981-க்கு முந்தையவற்றில் 28.2 சதவீதம் இடிந்து விழுந்திருந்தன. 1981-க்கும் 2000-க்கும் இடைப்பட்டவற்றில் 8.7 சதவீதம். அதற்குப் பிந்தையவற்றில் 2.2 சதவீதம். 2024 ஜனவரி 1-ல் நோத்தோ நிலநடுக்கத்தில் விழுந்தவையும் பெரும்பாலும் நீங்கள் காணொளியில் பார்த்து ஆசைப்படுகிற மாதிரியான, கனத்த ஓடு வேய்ந்த பழைய வீடுகள்தான்.

பழைய வீட்டுக்கு நிலநடுக்கத் தாங்குதிறன் சோதனை செய்து ஒரு எண் தருவார்கள். 1.0-க்கு மேல் என்றால் பெரிய நடுக்கத்திலும் ஏறக்குறைய விழாது, 0.7-க்குக் கீழே என்றால் விழும் வாய்ப்பு அதிகம். என் வீட்டுக்கு 0.38. தெற்குப் பக்கம் முழுக்கத் திண்ணையும் சறுக்குக் கதவுமாக, ஒரு சுவர்கூட இல்லை. பழைய ஜப்பானிய வீட்டின் அழகே அதுதான், பலவீனமும் அதுதான். ஓட்டுக்கு அடியில் மண் பரப்பி வேய்ந்திருந்ததால் கூரை ஒரு சதுர மீட்டருக்கு அறுபது கிலோவுக்குக் குறையாது. அதை இறக்கிவிட்டு ஐந்து கிலோ தகடு போட்டோம். அது ஒன்றுக்கே எண் கணிசமாக ஏறியது. பிறகு நான்கு மூலைகளிலும் பலகைச் சுவர், குறுக்குச் சட்டம், தூணடியில் உலோகப் பிணைப்பு. முடிவில் 1.05. கூரைக்கு 17 லட்சம், வலுவூட்டலுக்கு 19 லட்சம் யென். வலுவூட்டலுக்கு உள்ளாட்சி மானியமாக 5 லட்சம் திரும்ப வந்தது. இந்த மானியம் பெரும்பாலும் 1981-க்கு முந்தைய வீடுகளுக்குத்தான். வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தொடங்கிவிட்டுப் போனால் கிடைக்காது. நீங்கள் வசிக்காத வீட்டுக்குத் தருவார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும், அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டை இறக்கிய அன்று தச்சர் இரண்டு ஓடுகளை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். பூந்தொட்டி வைக்கிறேன்.

விளம்பரத்தில் "சாய்கென்ச்சிகு ஃபுகா" என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இடித்தால் மறுபடி கட்ட முடியாது என்று பொருள். நகரத் திட்டப் பகுதிக்குள், மனை குறைந்தது 4 மீட்டர் அகலச் சாலையை 2 மீட்டர் நீளத்துக்காவது தொட்டிருக்க வேண்டும். தொடாத வீடுகள் மலிவாக வரும். முன்பெல்லாம் "இடிக்காமல் முழுக்கப் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று சொல்லி விற்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வழியும் இறுகிவிட்டது: இரண்டு தள மரவீட்டின் தூண், உத்திரம், தரை, கூரை, சுவர் போன்ற முக்கிய உறுப்புகளில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றுவதென்றால் கட்டட அனுமதி வேண்டும், சாலையைத் தொடாத மனைக்கு அந்த அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. நகர விரிவைத் தடுக்கிற பகுதி என்று குறித்த இடங்களிலும் மறுகட்டுமானம் தொல்லைதான். வீட்டோடு சேர்த்து வயலும் தருகிறோம் என்றால் வாய் பிளக்காதீர்கள். விவசாய நிலம் கைமாற உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். நீங்கள் உழப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தரகர் ஒப்பந்தத்துக்கு முன் உங்களுக்குப் படித்துக் காட்டியே ஆக வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் முக்கிய விவரங்களின் விளக்கப் பத்திரம் ஒன்றை வரி வரியாக வாசிப்பார். ஜப்பானிய மொழியில், ஒரே சுருதியில், ஒன்றரை மணி நேரம். பாதியில் கண் சொக்கும். வெள்ளம், மண்சரிவு வரைபடத்தில் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது, எல்லைக்கல் உண்டா இல்லையா, விற்பவர் பிற்பாடு தெரியவரும் குறைக்குப் பொறுப்பேற்பாரா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் "ஏற்க மாட்டார்". தனியாள் விற்கும் பழைய வீட்டில் அப்படி எழுதுவது வழக்கம், சட்டப்படியும் செல்லும். என் கறையானுக்கு நான் யாரிடமும் போய் நிற்க முடியாமல் போனது இதனால்தான்.

கழிவுநீர் விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் பாதாளச் சாக்கடை இருக்காது. மனைக்குள் புதைத்த ஜோகாசோ என்ற சுத்திகரிப்புத் தொட்டி இருக்கும். அல்லது அதுவும் இல்லாமல் வண்டி வந்து உறிஞ்சிப் போகும் குழிக் கழிப்பறை. பழைய தொட்டி கழிப்பறை நீரை மட்டும்தான் சுத்தம் செய்யும், சமையலறை நீரும் குளியல் நீரும் நேராக ஓடைக்குப் போகும். 2001-லிருந்து அந்த வகையைப் புதிதாக வைக்கத் தடை. எல்லா நீரையும் சுத்தம் செய்கிற வகைக்கு மாற்ற எனக்கு 11 லட்சம் யென் ஆயிற்று, 3 லட்சம் மானியம் வந்தது. நீங்கள் ஒருவரே இருந்தாலும் தொட்டியின் அளவு வீட்டின் பரப்பைப் பொறுத்தது. 130 சதுர மீட்டர் தாண்டினால் ஏழு பேர் தொட்டி. பிறகு பராமரிப்பு, வருடம் ஒருமுறை சுத்தம், சட்டப்படியான சோதனை என்று ஆண்டுக்குச் சுமார் 50,000 யென் போகும். வீடு பூட்டிக் கிடந்தாலும் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கழிவைச் செரிக்கும் கிருமி செத்து நாறும்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு வீடுகளை "இருப்பது இருந்தபடி" விற்பார்கள். அலமாரியில் பட்டுக் கிமோனோ, கல்யாணத்துக்கு வந்த தட்டுகள், 1980-களின் மின்கட்டண ரசீது, சுவரில் தாத்தாவின் படம், எல்லாம் சேர்த்துத்தான் உங்களுக்கு. என் வீட்டின் உள்ளறையில் ஆளுயரக் கறுப்பு அரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் தங்க வேலைப்பாடு, சின்ன புத்தர், சாம்பல் கிண்ணம், இறந்தவர்களின் பெயர் எழுதிய பலகைகள். அதுதான் புத்சுதான், வீட்டு முன்னோர் பீடம். பெயர்ப்பலகைகளை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன மகள் அவற்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, "அடுக்ககத்தில் இடமில்லை, உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்" என்றார். குரல் உடைந்திருந்தது, மேலே கேட்கவில்லை.

சாமான் அகற்றும் ஆள்கள் அதையும் லாரியில் ஏற்றத் தூக்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். கோயிலுக்குச் சொல்லாமல் தூக்கக் கூடாது என்றார். மறுநாள் உள்ளூர்க் கோயில் குரு வந்து இருபது நிமிடம் ஓதினார். கண் மூடும் சடங்கு என்று அதற்குப் பெயர். நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பார்கள். இங்கே மூடவும் ஒரு முறை உண்டு. மூடிவிட்டால் அது வெறும் மரப்பெட்டி, எங்கே வேண்டுமானாலும் போகலாம். பெயர்ப்பலகைகளைக் குருவே துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனார். உறையில் காணிக்கை வைத்துக் கொடுத்தேன். அன்று செலவழித்ததில் எனக்கு மனம் நோகாத காசு அது ஒன்றுதான். அந்த ஒரு காரியத்தால்தான் பாட்டி என்னிடம் பேசத் தொடங்கினார், கிணற்றங்கரை எல்லை எங்கே போகிறது என்று காட்டினார், மழைநீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று சொன்னார். எந்தப் பத்திரத்திலும் இல்லாத விவரங்கள்.

ஊர்ச்சங்கம் ஒன்று இருக்கும், ஜிச்சிகாய். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் எங்கள் ஊரில் குப்பை போடும் கூண்டு, தெருவிளக்கு, ஓடை தூர்வாருதல் எல்லாம் அதன் பொறுப்பு. வருடத்தில் இரண்டு ஞாயிறு காலை எல்லோரும் புல் வெட்ட வர வேண்டும். வராதவர் 3,000 யென் கட்ட வேண்டும். கோவையில் இருந்துகொண்டு காசை மட்டும் கட்டலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் மனையில் கோடையில் இடுப்பளவு புல் வளர்ந்து பக்கத்துக் காய்கறிப் பாத்திக்குள் போகும்போது யார் வெட்டுவது? ஆண்டுக்கு மூன்று முறையாவது வெட்டியாக வேண்டும். ஆள் வைத்தால் அதற்கு ஒரு தொகை. வீட்டையும் பூட்டி வைக்க முடியாது. ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ஒரு மாதம் சன்னல் திறக்காவிட்டால் தாத்தாமியில் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும்.

வாடகை பற்றி. சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்கு 2018 ஜூனிலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 180 நாள்தான் அனுமதி, சில இடங்களில் உள்ளாட்சி இன்னும் குறைத்திருக்கும். நீங்கள் அங்கே இல்லாததால் பதிவுபெற்ற மேலாண்மை நிறுவனம் ஒன்றை வைத்தே ஆக வேண்டும், அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். தீ எச்சரிக்கை மணி முதலியவற்றுக்குத் தனிச் செலவு. ரயில் நிலையத்திலிருந்து பேருந்தும் இல்லாத கிராமத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். இந்த வழியில் போட்ட காசு திரும்பி வரும் என்று எண்ணி வாங்குவதானால் வாங்க வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. விசாவும் வராது. வீடு வாங்கினால் அங்கே தங்கும் உரிமை என்ற திட்டமே ஜப்பானில் இல்லை. தொழில் நடத்துவோருக்கான விசாவுக்கும் 2025 அக்டோபரில் முதலீட்டு வரம்பை 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக ஏற்றிவிட்டார்கள்.

காசு அனுப்புவதில் பெரிய தடை இல்லை. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், வெளிநாட்டில் வீடு வாங்கவும் அது செல்லும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்ட மறக்காதீர்கள். 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில் காட்டாததற்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது; 5 லட்சம் யென் வீட்டுக்கு அந்த அபராதம் வீட்டின் விலையைப்போல மூன்று மடங்கு. ஜப்பான் பக்கத்தில், உங்களைப்போல் வெளிநாட்டில் வசித்துக்கொண்டு வாங்குபவர் 20 நாளுக்குள் ஜப்பானின் மத்திய வங்கி வழியாக அரசுக்கு அறிக்கை தர வேண்டும். வரிச் சீட்டுகளை வாங்கிக் கட்ட அங்கே வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். வீடு கைக்கு வந்து எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும்போது, சில மாதம் கழித்துச் சொத்து கையகப்படுத்திய வரி என்று தபாலில் ஒரு சீட்டு வரும், மதிப்பில் 3 சதவீதம். ஆண்டுச் சொத்துவரி 1.4 சதவீதம், பழைய வீட்டின் மதிப்பு குறைவு என்பதால் இவை இரண்டும் உறுத்தாது. பழைய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது, அங்கே வசிக்காதவருக்கு வங்கிக் கணக்குத் திறப்பதே பாடு. தச்சருக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பீர்கள் என்பதை வீட்டைத் தேடுவதற்கு முன்பே யோசித்து வையுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு இன்னும் ஆசை இருந்தால், நான் சொல்லும் வழி இது. 2000-க்குப் பிறகு கட்டிய வீடு 40, 50 லட்சம் யென்னுக்கு வந்தால் அதைப் பாருங்கள். 5 லட்சம் யென் வீட்டைவிட அது கடைசியில் மலிவாக முடியும். ஷோவா காலத்து மரவீடுதான் வேண்டும் என்று மனம் பிடித்து நின்றால், முதலில் அந்த ஊரில் ஒரு மாதம் வாடகைக்குத் தங்குங்கள், ஜூன் மாதம் பார்த்து. மழையில் வீட்டைப் பாருங்கள். கட்டடச் சோதனைக்குத் தனியாக ஒருவரைப் பிடித்து 60,000, 70,000 யென் கொடுங்கள். விற்பவரும் தரகரும் சொல்லும் ஆள் வேண்டாம். வாங்கும் விலையைப்போல மூன்று மடங்கு பழுதுபார்ப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, அது போக இன்னொரு 20 லட்சம் யென் தொடாமல் வைத்திருங்கள். அது இல்லை என்றால் இப்போதைக்குக் காணொளி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு ஏதாவது கண்ணில் பட்டால், கையெழுத்துப் போடும் முன் அந்த விளக்கப் பத்திரத்தின் நகலை அனுப்புங்கள். முழுவதும் படிக்க நேரம் கிடைக்காது. சாலைப் பக்கத்தையும் கட்டிய ஆண்டையும் கழிவுநீர்ப் பகுதியையும் படித்துச் சொல்கிறேன்.